சம்பள பாக்கியிலிருந்து ஓர் அரசு: 13 அமெரிக்கக் காலனிகள்

அமெரிக்க விடுதலைப் போர் என்றதும் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டிய தேயிலையும் 1776 ஜூலை 4-ஆம் தேதியும்தான் நமக்கு நினைவுக்கு வரும். பள்ளிப் பாடத்தில் அதோடு சரி. அடுத்த பக்கத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் ஜனாதிபதியாகிவிடுவார். உண்மையில் போர் 1783-இல் முடிந்தது, வாஷிங்டன் பதவியேற்றது 1789-இல். இடையில் இருந்த ஆறு வருடங்களில் அந்த நாடு ஒரே நாடாக நிற்குமா என்பதே சந்தேகமாக இருந்தது.

அந்தக் காலத்தைப் பற்றிப் பேச உயர்ந்த வழிகள் நிறைய உண்டு. நான் சாதாரணமான ஒன்றைப் பிடித்துக்கொண்டு போகிறேன்: சண்டை போட்ட சிப்பாய்க்குச் சம்பளம் யார் கொடுத்தது? சுதந்திரப் பிரகடனத்தின் அழகான வரிகளைவிட, இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போனதுதான் அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை எழுத வைத்தது என்பது என் எண்ணம்.

வரி மேல் வந்த கோபம்

தொடக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1763-இல் பிரான்ஸுடனான ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனின் கடன் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது. காலனிகளைக் காப்பாற்றத்தானே இவ்வளவு செலவு, அவர்களும் பங்கு தரட்டும் என்று லண்டன் நினைத்தது. 1765-இல் முத்திரைத்தாள் சட்டம் வந்தது. பத்திரிகை, பத்திரம், சீட்டுக்கட்டு வரைக்கும் வரி. எங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத பாராளுமன்றம் எங்கள் மேல் எப்படி வரி போடலாம் என்று காலனிகள் கொதித்தன. அடுத்த வருடமே சட்டம் ரத்தானது. 1767-இல் வேறு பொருள்கள் மேல் வரி வந்தது, அதுவும் பெரும்பாலும் விலக்கப்பட்டது. தேயிலை மேல் போட்டது மட்டும் பிடிவாதமாக மிஞ்சியது.

1773-இல் வந்த தேயிலைச் சட்டம் உண்மையில் தேயிலையின் விலையைக் குறைத்தது. நஷ்டத்தில் தத்தளித்த கிழக்கிந்தியக் கம்பெனி நேரடியாகச் சரக்கனுப்ப அது வழி செய்தது. ஆம், சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கம்பெனிதான். விலை குறைந்தாலும் வரி வரிதான் என்று, டிசம்பர் 16 இரவில் மூன்று கப்பல்களிலிருந்து 340 பெட்டிகளுக்கு மேல் கடலில் போனது. பதிலுக்கு பிரிட்டன் பாஸ்டன் துறைமுகத்தை மூடியது. 1774 செப்டம்பரில் 12 காலனிகளின் பிரதிநிதிகள் ஃபிலடெல்ஃபியாவில் கூடினார்கள். ஜார்ஜியா மட்டும் வரவில்லை. 1775 ஏப்ரல் 19-இல் லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்தது, போர் தொடங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது, தூரத்தில் இருக்கும் ஓர் அதிகாரம் நம் பையில் கை விடக்கூடாது என்பதுதான் இந்த மக்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தது. அப்படிக் கிளம்பியவர்கள் தங்களுக்கென்று ஒரு பொது அரசை அமைக்கும்போது அதற்கு வரி போடும் அதிகாரத்தைக் கொடுப்பார்களா? கொடுக்கவில்லை. அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

காகிதத்தில் நடந்த போர்

1775 ஜூனில் காலனிகளின் பிரதிநிதிகள் சபையான கான்டினென்டல் காங்கிரஸ் ஒரு படையை அமைத்து வாஷிங்டனைத் தளபதியாக்கியது. கையில் காசு கிடையாது. அதே மாதம் 20 லட்சம் டாலர் மதிப்புக்கு நோட்டு அச்சடிக்க முடிவு செய்தார்கள். அப்புறம் அச்சு யந்திரம் நிற்கவே இல்லை. 1779 முடிவில் சுமார் 20 கோடி டாலர் காகிதம் புழக்கத்தில் இருந்தது. மாநிலங்கள் தனியாக அச்சடித்தன. பிரிட்டிஷார் வேறு கள்ளநோட்டு அடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். 1780 மார்ச்சில் காங்கிரஸே 40 காகித டாலருக்கு ஒரு வெள்ளி டாலர் என்று அறிவித்துக் கையைத் தூக்கிவிட்டது.

சாதாரணச் சிப்பாயின் சம்பளம் மாதம் ஆறே முக்கால் டாலருக்கும் குறைவு. அதையும் மாதக்கணக்கில் பாக்கி வைத்து, கடைசியில் இந்தக் காகிதத்தில் கொடுத்தால் அவன் என்ன செய்வான்? வேலி ஃபோர்ஜ் முகாமில் 1777-78 குளிர்காலத்தில் சுமார் 2,000 பேர் நோயில் செத்தார்கள் என்பது பரவலாகத் தெரிந்த கதை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1781 ஜனவரி முதல் தேதி நடந்தது. மோரிஸ்டவுன் முகாமில் பென்சில்வேனியாப் படைவீரர்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எதிரியை நோக்கியல்ல, காங்கிரஸ் இருந்த ஃபிலடெல்ஃபியாவை நோக்கி. மூன்று வருடம் அல்லது போர் முடியும்வரை என்று ஒப்பந்தத்தில் இருந்ததற்கு, எது முன்னால் வருகிறதோ அதுதான் என்பது அவர்கள் கட்சி. எது பின்னால் வருகிறதோ அதுதான் என்பது அதிகாரிகள் கட்சி. இதற்குள் மூன்று வருடம் முடிந்துவிட்டது, சம்பளமும் இல்லை, துணியும் இல்லை.

செய்தி கேட்டு பிரிட்டிஷ் தளபதி கிளின்டன் தூதனுப்பினார்: எங்கள் பக்கம் வாருங்கள், பாக்கியை நாங்கள் தருகிறோம். கலகக்காரர்கள் தூது வந்த இருவரையும் பிடித்து ஒப்படைத்தார்கள், இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். நாட்டின் மேல் அவர்களுக்குக் கோபம் இல்லை. வேலை செய்தோம், கூலி எங்கே என்பதுதான் கேள்வி. பேச்சுவார்த்தையில் பாதிப்பேருக்கு விடுதலை கிடைத்தது. அதே மாதம் நியூ ஜெர்சிப் படையும் கிளம்பியபோது வாஷிங்டன் பேச்சுவார்த்தைக்கே போகவில்லை. படையை அனுப்பிச் சுற்றி வளைத்து, இருவரைச் சுட்டுக் கொல்ல வைத்தார்.

போரின் முடிவைத் தீர்மானித்த யார்க்டவுன் வெற்றியே இன்னொருவர் பணத்தில் வந்ததுதான். 1781 செப்டம்பரில் வாஷிங்டனின் படை தெற்கே நடந்து போகும்போது, காசைப் பார்க்காமல் இனி நகரமாட்டோம் என்று சிப்பாய்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். நிதிப் பொறுப்பில் இருந்த ராபர்ட் மோரிஸ், அமெரிக்கர்களுக்குத் துணையாக வந்திருந்த பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போவிடம் சுமார் 20,000 டாலர் வெள்ளி நாணயம் கடன் வாங்கினார். மேரிலாந்தில் எல்க் ஆற்றுத் தலைப்பில் ஒரு மாதச் சம்பளம் கொடுக்கப்பட்டது. காகிதமாக இல்லை, கையில் எடுத்தால் கனக்கும் வெள்ளியாக. 1776-க்குப் பிறகு சம்பளம் என்று சொல்லும்படி தன் கைக்கு வந்தது அது ஒன்றுதான், அதற்குப் பிறகும் வரவில்லை என்று கனெக்டிகட்டைச் சேர்ந்த ஜோசப் பிளம்ப் மார்ட்டின் என்ற சிப்பாய் வயதான காலத்தில் எழுதி வைத்தார்.

யார்க்டவுன் முற்றுகையில் பிரெஞ்சுச் சிப்பாய்களையும் மாலுமிகளையும் சேர்த்தால் அமெரிக்கர்களைவிட அதிகம். கடலை மறித்து நின்றது பிரெஞ்சுக் கப்பற்படை. அக்டோபர் 19-இல் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் 7,000-க்கும் மேற்பட்ட படை சரணடைந்தது. (அதே கார்ன்வாலிஸ் ஐந்து வருடத்தில் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தார், 1792-இல் திப்புவிடமிருந்து பாராமகாலையும் திண்டுக்கல்லையும் வாங்கிக்கொண்டதும் அவர்தான். தோற்றவருக்குப் பதவி உயர்வு என்பது அன்றைக்கும் இருந்தது.)

யாரும் பணம் கட்டாத சங்கம்

இதெல்லாம் நடக்கும்போது நாட்டுக்கு ஒரு சட்டம் இருந்ததா என்றால், இருந்தது. கூட்டமைப்பு விதிகளின் முதல் வரைவை 1776-இல் எழுதியவர் ஜான் டிக்கின்சன். 1777 நவம்பரில் காங்கிரஸ் ஏற்றது. மேற்கே இருந்த நிலம் யாருக்கு என்ற தகராறில் மேரிலாந்து கையெழுத்துப் போடாமல் இழுத்ததால், நடைமுறைக்கு வந்தது 1781 மார்ச் 1-இல்தான்.

இந்த விதிகளின்படி மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. பெரிய முடிவுக்கு ஒன்பது மாநிலங்கள் வேண்டும். விதியைத் திருத்த 13-உம் சம்மதிக்க வேண்டும். தனியாக ஒரு ஜனாதிபதி இல்லை, நாடு முழுவதற்குமான நீதிமன்ற அமைப்பு இல்லை, வரி போடும் அதிகாரம் சுத்தமாக இல்லை. காங்கிரஸ் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிப் பணம் கேட்கலாம், அவ்வளவுதான். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர்களுக்கு இது உடனே புரியும்: பராமரிப்புப் பணம் கட்டாத வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தும் உரிமைகூட இல்லாத செயலாளர்.

1781-இல் காங்கிரஸ் ஒரு வழி சொன்னது. இறக்குமதிக்கு 5% சுங்கவரி, நேராகக் காங்கிரஸுக்கு. 12 மாநிலங்கள் சரி என்றன. ரோட் ஐலண்ட் மட்டும் 1782 நவம்பரில் முடியாது என்றது. வெளியிலிருந்து வரும் அதிகாரி எங்கள் துறைமுகத்தில் வரி வசூலிப்பதா என்று. லண்டனுக்குச் சொன்ன அதே வாதம், வார்த்தை பிசகாமல் என்றே சொல்லலாம். அடுத்து வர்ஜீனியாவும் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. திட்டம் செத்தது.

இது முகாமுக்குத் தெரியாமல் போகுமா? ஹட்சன் ஆற்றங்கரையில் நியூபர்க்கில் காத்திருந்த அதிகாரிகளுக்கு ஆயுள் முழுக்க அரைச் சம்பளம் என்று 1780-இல் வாக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. சமாதானம் வந்துவிட்டால் படையைக் கலைப்பார்கள், கலைத்தால் யார் நம்மை மதிப்பார்கள் என்ற பயம் அவர்களுக்கு. 1783 மார்ச்சில் பெயரில்லாத ஒரு கடிதம் கைக்குக் கை போனது: பாக்கியைத் தராவிட்டால் ஆயுதத்தைக் கீழே வைக்காதீர்கள். காங்கிரஸிலேயே சிலர், இந்த மிரட்டலைக் காட்டி மாநிலங்களை வழிக்குக் கொண்டுவரலாம் என்று உள்ளூர ஆசைப்பட்டார்கள். மார்ச் 15-இல் அதிகாரிகள் கூட்டத்தில் வாஷிங்டன் வந்து பேசினார். எழுதி வந்த உரை பெரிதாக எடுபடவில்லை. அப்புறம் ஒரு காங்கிரஸ் உறுப்பினரின் கடிதத்தை வாசிக்க எடுத்தவர் எழுத்து தெரியாமல் திணறி, பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். உங்கள் சேவையில் தலை நரைத்தது மட்டுமில்லை, கண்ணும் மங்கிவிட்டது என்ற மாதிரி ஏதோ சொன்னார். அவரைக் கண்ணாடியோடு பார்த்தவர்கள் அங்கே ரொம்பக் குறைவு. பலர் அழுதே விட்டார்கள் என்கிறார்கள். ராணுவப் புரட்சியில் முடிந்திருக்கக்கூடிய ஒரு விஷயம் அங்கே நின்றது. அவர் திட்டமிட்டு நடித்தாரா என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. நடித்திருந்தாலும் நல்ல நடிப்பு என்றுதான் சொல்வேன்.

அதிகாரிகளுக்கு அரைச் சம்பளத்துக்குப் பதில் ஐந்து வருட முழுச் சம்பளத்தை வட்டிப் பத்திரமாகத் தருவதாகக் காங்கிரஸ் முடிவெடுத்தது. சாதாரணச் சிப்பாய்க்கு? மூன்று மாதச் சம்பளத்துக்கு ஒரு சீட்டு, தோளில் இருந்த துப்பாக்கி, வீட்டுக்குப் போகலாம் என்ற உத்தரவு. சீட்டு வந்து சேர்வதற்கு முன்பே பலர் நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஜூன் 21-இல் சில நூறு சிப்பாய்கள் ஃபிலடெல்ஃபியாவில் அரசு மாளிகையைச் சூழ்ந்தார்கள். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட அதே கட்டடம். உள்ளே காங்கிரஸ். அதே கட்டடத்தில் பென்சில்வேனியா மாநில ஆட்சிக்குழுவும் இருந்தது, அதன் தலைவர் அதே டிக்கின்சன். ஊர்ப்படையைக் கூப்பிட்டுக் காப்பாற்றுங்கள் என்று காங்கிரஸ் கேட்டது. கூப்பிட்டாலும் அவர்கள் சிப்பாய்களைச் சுடமாட்டார்கள் என்று டிக்கின்சன் மறுத்துவிட்டார். உறுப்பினர்கள் வசவுகளுக்கு நடுவே வெளியேறி, பிரின்ஸ்டனுக்கு ஓடினார்கள். அங்கிருந்து அனாபொலிஸ், ட்ரென்டன், நியூயார்க் என்று ஊர் ஊராகப் போனார்கள். பின்னாளில் தலைநகரம் எந்த மாநிலத்துக்கும் சேராத தனி நிலமாக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எழுதியதற்கு இந்த ஒரு நாள் பட்ட அவமானம் முக்கியக் காரணம்.

இதற்கு முந்தின நாள், 1783 ஜூன் 20-இல், இதே போரின் கடைசிப் பெரிய கடற்சண்டை நடந்தது. இடம் நம் கடலூர். கோட்டைக்குள் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை, வெளியே கம்பெனிப் படை, கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரானும் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஹியூஸும். ஐரோப்பாவில் ஜனவரியிலேயே பூர்வாங்க ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. செய்தி கப்பலேறி வர ஜூன் மாதக் கடைசி ஆனது. பாஸ்டனில் ஆரம்பித்த வரித் தகராறுக்காகக் கடலூரில் செத்தவர்களுக்கு அது என்ன தகராறு என்றே தெரிந்திருக்காது.

கோர்ட்டை மூடிய விவசாயிகள்

1783 செப்டம்பர் 3-இல் பாரிஸ் ஒப்பந்தம். பிரிட்டன் 13 மாநிலங்களையும் சுதந்திர நாடாக ஏற்றது. அந்த ஒப்பந்தத்தை உறுதி செய்ய ஒன்பது மாநிலப் பிரதிநிதிகளைத் திரட்டவே காங்கிரஸ் அடுத்த ஜனவரி வரை திண்டாடியது.

மாநிலங்களுக்குள் சண்டை வேறு. பக்கத்து மாநிலப் படகுகளுக்கு நியூயார்க் கட்டணம் போட்டது. பதிலுக்கு நியூ ஜெர்சி, தன் கரையில் நியூயார்க் வைத்திருந்த கலங்கரை விளக்கத்துக்கு வரி போட்டது.

மாசசூசெட்ஸில்தான் நிலைமை முற்றியது. போர்க்கால மாநிலக் கடன்பத்திரங்கள் பெரும்பாலும் பாஸ்டன் பணக்காரர்கள் கைக்குப் போயிருந்தன. சிப்பாய்கள் பசிக்கு விற்ற சீட்டுகள் அவை. முழு மதிப்புக்கு வட்டி கொடுக்க மாநிலம் வரியை ஏற்றி, வெள்ளியாகக் கட்டு என்றது. மேற்குப் பகுதி விவசாயியிடம் மாடு இருந்தது, தானியம் இருந்தது, வெள்ளி இல்லை. ஜப்தி வந்தது, கடனுக்காகச் சிறையும் வந்தது. தன் சம்பளச் சீட்டைக் கிடைத்த விலைக்கு விற்றவனே, அதே சீட்டுக்கு வட்டி கட்ட வரி கட்டவேண்டும் என்ற நிலை.

1786 ஆகஸ்ட் முதல் அவர்கள் கூட்டமாகப் போய்க் கோர்ட்டுகளை நடக்கவிடாமல் செய்தார்கள். தலைவர்களில் ஒருவர் டேனியல் ஷேஸ், போரில் கேப்டனாக இருந்தவர். பிரெஞ்சுத் தளபதி லஃபயெட் பரிசளித்த வாளையே காசுக்கு விற்றவர் என்று சொல்வார்கள். காங்கிரஸால் படை அனுப்ப முடியவில்லை. பாஸ்டன் வியாபாரிகள் சொந்தப் பணம் போட்டு ஒரு படையைத் திரட்டினார்கள். 1787 ஜனவரி 25-இல் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கை நெருங்கிய ஷேஸின் ஆட்கள் மேல் பீரங்கி வெடித்தது. நான்கு பேர் செத்தார்கள். பிப்ரவரியில் கலகம் அடங்கிவிட்டது.

சின்னக் கலகம்தான். ஆனால் நாடு முழுக்கச் சொத்துள்ளவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. மவுண்ட் வெர்னன் என்ற தன் பண்ணையில் ஓய்விலிருந்த வாஷிங்டனை மறுபடி வெளியே இழுத்ததில் இதற்குப் பங்கு உண்டு.

ஜன்னலை மூடிக்கொண்டு எழுதிய சட்டம்

1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை, அதே ஃபிலடெல்ஃபியா, அதே கட்டடம். மொத்தம் 55 பேர், 12 மாநிலங்கள். ரோட் ஐலண்ட் ஆளே அனுப்பவில்லை. பழைய விதிகளைத் திருத்தத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வந்தவர்கள் வாசலில் காவல் போட்டு, வெளியில் யாரும் பேசக்கூடாது என்று விதி செய்துகொண்டு, பழையதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். சட்டப்படி பார்த்தால் இது அத்துமீறல். 13 மாநிலமும் சம்மதிக்க வேண்டும் என்ற விதியையும் தாண்டி, ஒன்பது போதும் என்று தாங்களே எழுதிக்கொண்டார்கள்.

பெரிய மாநிலமா சிறிய மாநிலமா என்ற சண்டை ஜூலை வரை ஓடியது. ஒரு சபையில் மக்கள்தொகைப்படி இடம், இன்னொன்றில் எல்லா மாநிலத்துக்கும் சம இடம் என்ற சமரசம் ஜூலை 16-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தப்பிப் பிழைத்தது. மக்கள்தொகை என்றால் அடிமைகளை எண்ணுவதா என்ற கேள்விக்கு, ஐந்தில் மூன்று பங்காக எண்ணலாம் என்று முடிவு செய்தார்கள். ஓட்டில்லாத அந்த மனிதர்களின் தலைக்கணக்கில் தெற்கத்திய முதலாளிகளுக்கு அதிக இடம் கிடைத்தது. அடிமை வியாபாரத்தை 1808 வரை தொடவும் கூடாது. விடுதலைப் போரின்போது பிரிட்டிஷ் பக்கம் ஓடிவந்து விடுதலை பெற்ற சுமார் 3,000 கறுப்பர்கள் 1783-இல் நியூயார்க்கிலிருந்து நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களைப் பொறுத்தவரை சுதந்திரம் எந்தப் பக்கம் இருந்தது என்பதை அந்தக் கப்பல் சொல்லிவிடும்.

மற்ற விஷயங்களில் எவ்வளவோ இழுபறி. வரி விஷயத்தில் பெரிய வாக்குவாதமே இல்லை என்பதுதான் என்னை ஈர்க்கிறது. புதிய காங்கிரஸின் அதிகாரங்களை வரிசைப்படுத்தும் பிரிவில் முதல் அதிகாரம் வரி விதிப்பதும் கடனை அடைப்பதும். பழைய கடன்கள் செல்லும் என்று தனியாக ஒரு ஷரத்து. ஏழு வருடப் பாக்கி அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்திருந்தது.

ஒப்புதல் லேசில் கிடைக்கவில்லை. மாசசூசெட்ஸில் 187-க்கு 168, வர்ஜீனியாவில் 89-க்கு 79, நியூயார்க்கில் 30-க்கு 27. உரிமைகள் பட்டியல் எங்கே என்று கேட்டவர்களுக்குத் திருத்தம் தருவதாக வாக்குக் கொடுக்கவேண்டியிருந்தது. அந்தப் பத்துத் திருத்தங்கள் 1791-இல் வந்தன. ரோட் ஐலண்டை வெளிநாடாக நடத்தி வர்த்தகத்தை நிறுத்தும் மசோதா செனட்டில் நிறைவேறிய பிறகுதான், 1790 மே 29-இல் 34-க்கு 32 என்று அது உள்ளே வந்தது.

யாருக்குக் காசு கிடைத்தது

1790-இல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் எல்லாக் கடன்பத்திரத்தையும் முழு மதிப்பில் ஏற்கலாம் என்றார், அதுவும் இப்போது யார் கையில் இருக்கிறதோ அவருக்கே. இது தெரிந்த உள்ளாட்கள், செய்தி எட்டாத ஊர்களுக்கு ஆளனுப்பிப் பழைய சிப்பாய்களிடம் அடிமாட்டு விலைக்கு வாங்கிக் குவித்தார்கள். முதலில் சம்பாதித்தவனுக்கும் ஒரு பங்கு கொடுங்கள் என்று ஜேம்ஸ் மேடிசன் கேட்டார். பிரதிநிதிகள் சபையில் 36-க்கு 13 என்று தோற்றார். நாட்டின் கடன் நம்பிக்கைக்கு ஹாமில்டன் செய்தது சரி. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நியாயம் மேடிசன் பக்கம்தான்.

அந்தக் கடனுக்கு வட்டி கட்ட 1791-இல் விஸ்கிக்கு வரி வந்தது. மேற்குப் பென்சில்வேனியா விவசாயிகள் எதிர்த்தபோது, 1794-இல் வாஷிங்டன் சுமார் 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டி, ஒரு பகுதி தூரம் தானே உடன் போனார். தன் கூட்டத்தையே காப்பாற்ற முடியாத பழைய காங்கிரஸ் கலைந்து பத்து வருடம்கூட ஆகவில்லை.

சாதாரணச் சிப்பாய்க்குப் பென்ஷன் சட்டம் வந்தது 1818-இல். மாதம் 8 டாலர், அதுவும் ஏழை என்றால்தான். 1820-இல் ஏழ்மையை நிரூபிக்கச் சொத்துப் பட்டியல் கேட்டார்கள். எல்க் ஆற்றில் ஒரு மாதச் சம்பளம் வாங்கிய மார்ட்டின் இரண்டு பசு, ஆறு ஆடு, ஒரு பன்றி என்று எழுதிக்கொடுத்துப் பென்ஷன் வாங்கினார். கலகம் செய்த ஷேஸுக்கும் கடைசியில் அதே அரசு பென்ஷன் கொடுத்தது.